எறும்புகள் வரைந்த வம்சம்

ஈச்சனோடைக்குள் எறும்புகள் வந்த வருஷம் சங்கரவடிவுக்கு ஐம்பத்திரண்டு வயது. அந்த ஊருக்கு அவள் வந்துபோக ஆரம்பித்து இருபத்து நான்கு வருஷம். அதற்குள் ஓடைக்கரையில், பெயர் வைக்கும் முன்பே புதைக்கப்பட்ட பிள்ளைகள் பதினேழு. இந்த மூன்று எண்ணிக்கையையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பிசகாமல் சொல்லுவாள். மற்றபடி அவள் மறதிக்காரி, மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்துக்கொண்டு மேஜைக்கடியில் தேடுகிறவள், கல்யாணம் என்று ஒன்று இருப்பதையே மறந்துபோனவள் என்று ஆராய்ச்சி நிலையத்தில் பேசிக்கொள்வார்கள்.

ஊர் அவளை டாக்டரம்மா என்று கூப்பிட்டது. தான் ஊசி போடுகிற டாக்டர் இல்லை, சென்னையில் உட்கார்ந்து ரத்தத்தையும் மூத்திரத்தையும் கண்ணாடிக் குழாய்களில் பிரித்துப் பார்க்கிற டாக்டர் என்று அவளும் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டாள். இருபத்தெட்டு வயதில், ஒரு நாள், தெற்கே கரிசல் காட்டு ஊர் ஒன்றிலிருந்து வந்த ஒரு பச்சைப் பிள்ளையின் மூத்திரக் குப்பியைத் திறந்தாள். அடிப்பிடித்த வெல்லப்பாகு வாசம் அறை முழுக்கப் பரவியது. பக்கத்து அறைக்காரர்கள் யாருக்குப் பிறந்தநாள், யார் மிட்டாய் காய்ச்சுகிறார்கள் என்று எட்டிப் பார்த்தார்கள். அந்தப் பிள்ளை அதற்கு நான்கு நாள் முன்பே இறந்துபோயிருந்தது. அன்றைக்குப் பிடித்த வாசம் அவளை விடவேயில்லை, அவளும் அதை விடவில்லை.

சீக்கு சிக்கலானது, ஆனால் சொன்னால் புரியாதது இல்லை. நாம் சாப்பிடுகிற பருப்பிலும் பாலிலும் இருக்கிற புரதத்தை உடம்பு துண்டு துண்டாக உடைத்துத்தான் எடுத்துக்கொள்ளும். அதில் மூன்று துண்டுகளை மட்டும் உடைக்கமுடியாமல் சில பிள்ளைகள் பிறந்துவிடுகின்றன. அப்பாவிடமிருந்து ஒரு பழுது, அம்மாவிடமிருந்து அதே பழுது, இரண்டும் ஒரு பிள்ளையில் சந்தித்தால்தான் ஆபத்து; ஒன்று மட்டும் இருக்கிறவர்கள் நூறு வயசு வரை கம்பு குத்திக்கொண்டு சௌக்கியமாக இருப்பார்கள். சந்தித்துவிட்டாலோ தாய்ப்பாலே பிள்ளைக்கு விஷம். மூன்றாம் நாள் பால் குடிக்க மறுக்கும், ஐந்தாம் நாள் வில்லாக வளையும், பத்து நாளுக்குள் ஓடைக்கரை. மாமன் மகளையும் அக்கா மகளையும் விட்டு வெளியே பெண் தேடாத ஈச்சனோடையில் அந்தப் பழுது தலைமுறை தலைமுறையாகத் தன்னைத் தானே சந்தித்துக்கொண்டிருந்தது. பாகுச்சீக்கு என்று அதற்கு ஊரே பெயர் வைத்திருந்தது.

சங்கரவடிவு அந்தப் பழுது எது என்று கண்டுபிடித்தாள். மரபணுவில் எந்த இடத்தில், எந்த ஒற்றை எழுத்து மாறிப்போனதால் என்றும் கண்டுபிடித்தாள். நாற்பத்தொரு கட்டுரை எழுதினாள், பனி பெய்கிற ஊர்களுக்கெல்லாம் போய் மேடையேறிப் பேசினாள். ஆனால் அவள் கையால் ஒரு பிள்ளைகூடப் பிழைக்கவில்லை. அந்த மூன்று துண்டுகளும் இல்லாத பால் பவுடர் ஒன்று வெளிநாட்டில் தயாராகிறது, அதை வேளாவேளைக்கு அளந்து கொடுத்தால் பிள்ளை பிழைக்கும், வளரும், பள்ளிக்கூடம் போகும். வருஷா வருஷம் எழுதிக் கேட்டு ஒரு டப்பா வரவழைப்பாள். ஊரிலிருந்து சேதி வருவதற்குள் பிள்ளை போய்விடும், டப்பா பிரிக்காமலே காலாவதியாகும், அடுத்த வருஷம் இன்னொரு டப்பா வரும்.

இதற்கிடையில் அவள் செய்த பெரிய வேலை ஒரு படம். ஊரின் எழுபத்தெட்டு வீட்டு வம்சத்தையும் விசாரித்து, சுருட்டினால் பாய் கனத்துக்கு வருகிற காகிதத்தில் வரைந்து வைத்திருந்தாள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், கட்டிக்கொண்டவர்களுக்கு நடுவில் ஒரு கோடு, சொந்தத்துக்குள் கட்டிக்கொண்டிருந்தால் இரட்டைக் கோடு, செத்த பிள்ளைக்கு உள்ளே முழுக்கக் கருப்பு. எங்கள் கொள்ளுத்தாத்தா யாரைக் கட்டினார் என்று எங்களுக்கே தெரியாது, டாக்டரம்மாவைக் கேட்டுக்கோ என்று ஊரில் சொல்லுவார்கள்.

அப்படியிருக்க, ஒரு ஆவணி மாதத்துச் செவ்வாய்க்கிழமை காலையில், காய்ந்த கரிசல் வெடிப்புகளுக்குள்ளிருந்து பிள்ளையார் எறும்புகள் வெளியே வந்தன. கடிக்காத, கறுத்த, சின்ன எறும்புகள். இரைக்காக வரவில்லை, சர்க்கரையைத் தூவிப் பார்த்தார்கள், திரும்பியும் பார்க்கவில்லை. ஒரு வீட்டுப் படியேறி, அடுப்படி வழியாக இறங்கி, தெருவைக் குறுக்கே கடந்து, அந்த வீட்டுப் பெண் வாழ்க்கைப்பட்ட வீட்டுக்குப் போய், அங்கிருந்து அவள் நாத்தனார் வீட்டுக்கும், நாத்தனார் மகனுக்குப் பெண் கொடுத்த வீட்டுக்கும் போயின. அந்நியத்தில் சம்பந்தம் செய்திருந்தால் ஒற்றை வரிசை, சொந்தத்துக்குள் என்றால் இரட்டை வரிசை. பழுது இல்லாத வீடுகளை ஒதுங்கிப் போயின. ஓடைக்கரையில் உள்ளங்கை அகலத்துக்குப் பத்துச் சதுரமும் ஏழு வட்டமுமாக, உள்ளே ஒரு மண்ணும் தெரியாமல் அப்பிக் கருப்பாக நின்றன. மழை பெய்தது, நனைந்துகொண்டே அப்படியே நின்றன.

சேதி கேட்டு வந்த சங்கரவடிவு, காகிதச் சுருளைத் தெருவில் விரித்து நான்கு மூலைக்கும் கல் வைத்து, ஒவ்வொரு வரிசையாகப் பின்னால் நடந்து ஒப்பிட்டுப் பார்த்தாள். அவள் வரைந்தது எல்லாம் இருந்தது. அவளுக்குத் தெரியாத மூன்று கோடுகளும் இருந்தன. ஆச்சரியத்தைவிட அவளுக்குப் பொறாமைதான் வந்தது. இருபத்து நான்கு வருஷமாகத் தேய்ந்த செருப்பையெல்லாம் நினைத்துக்கொண்டாள். பிறகு பென்சிலை எடுத்து அந்த மூன்று கோட்டையும் தன் படத்தில் சேர்த்துக்கொண்டாள். நாற்பத்திரண்டாவது கட்டுரையில் அவற்றைக் குடும்பத்தார் தந்த தகவல் என்று குறிப்பிட்டாள், எறும்பு என்று எழுத அவளுக்குக் கை வரவில்லை.

ஊர் எறும்புகளோடு வாழப் பழகியது. மினி பஸ் டிரைவர் வரிசை வருகிற இடத்தில் வேகத்தைக் குறைத்து, இடைவெளி விழுந்த பிறகு கடந்து போனார். கோலம் போடுகிறவர்கள் வரிசைக்கு வழிவிட்டுப் புள்ளி வைத்தார்கள். பள்ளிக்கூட வாத்தியார் பிள்ளைகளை வரிசையோடு நடத்திக் கூட்டிப்போய் யார் யாருக்கு என்ன முறை என்று பாடம் நடத்தினார். மேலத்தெருவில் கௌரவமான ஒரு வீட்டிலிருந்து, ஒரு உறவும் இல்லாத கைம்பெண் ஒருத்தியின் வீட்டுக்கு ஒற்றை வரிசை ஒன்று போனது. அவள் மகனுக்கு அப்போது முப்பது வயது. வீட்டுக்காரர் மூன்று நாள் வெந்நீர் ஊற்றிப் பார்த்தார், நாலாம் நாள் எறும்புகள் மறுபடியும் போயின. ஊர் பார்த்தது, பார்க்காதது போல இருந்துகொண்டது. அந்தப் பொங்கலுக்கு அவர் வீட்டிலிருந்து ஒரு மூட்டை நெல்லும் புது வேட்டியும் அங்கே போயின.

கல்யாணத் தரகர் ஜாதகக் கட்டைப் பரணில் போட்டுவிட்டார். பெண் வீட்டுக்கும் மாப்பிள்ளை வீட்டுக்கும் எறும்பு ஏறுகிறதா என்று பார்த்துவிட்டு வந்து ஒரே வார்த்தையில் சொல்லுவார். சங்கரவடிவுக்கு இது பிடித்திருந்தது. பஞ்சாயத்து அலுவலகத்தில் ஊரைக் கூட்டி, ஒலிபெருக்கியில், இரண்டு வீட்டிலும் எறும்பு ஏறினால் சம்பந்தம் வேண்டாம், எறும்பு ஏறுகிற வீட்டில் பிள்ளை பிறந்தால் அன்றைக்கே எனக்குச் சொல்லுங்கள் என்றாள். பயந்துபோய் உட்கார்ந்திருந்த மற்றவர்களைப் பார்த்து ஆறுதலாக இன்னொன்றும் சொன்னாள். எறும்பு ஏறாத வீட்டுக்கு இந்தச் சீக்கு வராது என்றாள். நாற்பத்திரண்டு கட்டுரை எழுதியவள் அந்த ஊரில் சொன்ன வார்த்தைகளில் ஊர் மறக்காமல் வைத்துக்கொண்டது அது ஒன்றுதான்.

கீழத்தெரு பூரணத்துக்கு முதல் பிள்ளை பிறந்தது எறும்புகள் வந்த மறு வருஷம். பூரணம் தன் தாய்மாமன் வேல்மயிலைக் கட்டியிருந்தாள். கட்டிவைத்தவள் பூரணத்தின் அம்மா பேச்சியம்மாள், வேல்மயிலின் அக்கா. தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவள் அவள், பெற்ற மகளையும் வளர்த்த தம்பியையும் ஒரே வீட்டுக்குள் வைத்துக்கொள்ளக் கிடைத்த பாக்கியத்தை அந்தத் தெருவில் சொல்லாத ஆள் இல்லை. பிள்ளை பிறந்த இரண்டாம் நாள் எறும்புகள் இரட்டை வரிசையில் வந்து தொட்டிலுக்கு அடியில் வட்டமாகச் சுற்ற ஆரம்பித்தன, ஓரத்திலிருந்து உள்நோக்கி நிரம்பின. சங்கரவடிவு வந்தாள். குதிகாலில் குத்தி அட்டையில் ரத்தம் எடுத்துச் சென்னைக்கு அனுப்பினாள். முடிவு வரட்டும் என்று காத்திருந்தாள். முடிவு ஆறாம் நாள் வந்தது. வட்டம் ஐந்தாம் நாளே நிரம்பிவிட்டிருந்தது.

இரண்டாவது பிள்ளைக்கும் அப்படித்தான். அது ஆண், அதனால் சதுரம். ஓடைக்கரையில் பதினெட்டாவதும் பத்தொன்பதாவதும் பூரணம் பெற்றவை.

அதற்குப் பிறகுதான் ஊருக்குள் சாக்பீஸ் வந்தது. பெண் பார்க்க வருகிற அன்று காலையில் யாரோ ஒருவர் கோவில்பட்டியிலிருந்து எறும்புச் சாக்பீஸ் வாங்கி வந்து வாசலில் கோடு போட்டார். எறும்புகள் கோட்டுக்கு வெளியே நின்று திரும்பிப் போயின, சம்பந்தம் கூடியது. அவரைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது, அவருக்கு மூன்று பெண்கள். அடுத்த முகூர்த்தத்துக்குள் பெண்ணைப் பெற்ற வீடெல்லாம் கோடு போட்டது, அதற்கடுத்து மாப்பிள்ளை வீடுகளும் போட்டன, பிறகு கல்யாணம் இல்லாத வீடுகளும் எதற்கு வம்பு என்று போட்டன. வெள்ளி செவ்வாய் வாசல் தெளித்த பிறகு கோலத்துக்கு முன்னால் சாக்பீஸ் கோடு என்பது வழக்கமாகவே ஆகிவிட்டது. போக வீடில்லாத எறும்புகள் ஓடைக்கரைக்குப் போய் அந்தச் சதுரங்களையும் வட்டங்களையும் சுற்றிக்கொண்டிருந்தன. ஊரில் எறும்பு இல்லை, அதனால் சீக்கும் இல்லை என்று எல்லாரும் நம்பினார்கள். வேண்டுமென்றே நம்பினார்கள் என்றுதான் சொல்லவேண்டும்.

சங்கரவடிவு ஓய்வு பெற இரண்டு மாதம் இருக்கும்போது, ஒரு மாசி மாதத்தில், வேல்மயில் அவளுக்கு போன் செய்தான். லோடு வேன் ஓட்டுகிறவன், வண்டியை ஓரங்கட்டிவிட்டுப் பேசினான். பெண் பிள்ளை பிறந்து இரண்டு நாளாகிறது, அக்கா உங்களுக்குச் சொல்லக்கூடாது என்றுவிட்டாள், ஆனாலும் மனசு கேட்கவில்லை என்றான். அவள் அந்த வருஷத்து டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு அந்த வாசலில் நின்றாள்.

வீட்டைச் சுற்றி ஒன்றுக்கு மூன்றாகக் கோடு போட்டிருந்தது. உள்ளேயிருந்து சாம்பிராணிப் புகை கண்ணைக் கரிக்கிற அளவுக்கு வந்தது, அதில் வேறு எந்த வாசமும் தெரிய வழியில்லை. பேச்சியம்மாள் மரியாதையாக நாற்காலி எடுத்து வாசலில் போட்டு, காப்பி கொடுத்து, உள்ளே மட்டும் கூப்பிடவில்லை.

"நீங்கதான டாக்டரம்மா சொன்னீக, எறும்பு ஏறாத வீட்டுக்குச் சீக்கு வராதுன்னு. வேணும்னா சுத்திப் பாருங்க, ஒரு எறும்பு உண்டா."

சங்கரவடிவு காப்பியைக் கீழே வைத்தாள். தான் சொன்னது தப்பு என்று சொன்னாள். எறும்பு சீக்கைக் கொண்டுவருவதில்லை, சொல்லத்தான் வருகிறது, வராமல் தடுத்தால் சொல்ல ஆளில்லாமல் போகுமே தவிர சீக்கு போகாது என்று தன்னால் முடிந்த மட்டும் எளிமையாகச் சொல்லிப் பார்த்தாள். பேச்சியம்மாள் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறந்த பிள்ளைக்குக் குத்துவது என்ன நியாயம், முதல் இரண்டு தடவையும் நீங்கள் வந்து குத்தினீர்கள், இரண்டும் போனது என்றாள்.

அப்போது உள்ளேயிருந்து பூரணம் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். விடிந்ததிலிருந்து பிள்ளை பால் குடிக்கவில்லை என்றாள். அசந்து தூங்குகிறது என்று அம்மா சொல்லவும், மற்ற இரண்டும் இப்படித்தான் தூங்கின என்றாள். அவள் கையில் ஈரத்துணி இருந்தது. பிரசவித்து மூன்று நாள் ஆன உடம்போடு படியில் உட்காரப் போனவளின் தோளைப் பேச்சியம்மாள் பிடித்துக்கொண்டாள்.

"அந்த எறும்பு உள்ள வந்துச்சுன்னா, ஒன்னை என் தம்பிக்குக் கட்டிவச்சதுதான் ரெண்டு உசுரையும் கொன்னதுன்னு ஆயிரும் பூரணம். நான்தான் கொன்னேன்னு ஆயிரும்."

பூரணம் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்து முதல் கோட்டைத் துடைத்தாள். சாக்பீஸ் அழுத்திப் போட்டது, ஒரு துடைப்பில் போகவில்லை. இரண்டாவது தடவை துடைக்கக் கையை நீட்டியவளிடமிருந்து பேச்சியம்மாள் துணியைப் பிடுங்கினாள். பிடுங்கித் தூர எறிவாள் என்றுதான் வாசலில் கூடியிருந்தவர்கள் நினைத்தார்கள். அவள் முழங்காலில் உட்கார்ந்து, வாளித் தண்ணீரை ஊற்றி, மூன்று கோட்டையும் தானே தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். கழுவி முடிக்கிறவரை அழுதாள். அவளைத் தூக்கிவிட யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

ஈரம் காய்வதற்குள் எறும்புகள் வந்துவிட்டன. ஓடைக்கரையிலிருந்து தெரு முழுக்க இரட்டை வரிசையில் வந்து, பேச்சியம்மாளின் கைப்பக்கமாகப் படியேறி, தொட்டிலுக்கு அடியில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு வட்டம் கட்டின. ஓரத்திலிருந்து ஒரு விரற்கடை நிரம்பியது. பிறகு இன்னொரு விரற்கடை.

சங்கரவடிவு குதிகாலில் குத்தி நான்கு சொட்டு ரத்தத்தை அட்டையில் வாங்கினாள். முடிவு வர மூன்று நாள். முப்பத்தொரு வருஷமாக அவள் கடைப்பிடித்த முறைப்படி இனி கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும், அவள் மருத்துவம் பார்க்கிற டாக்டர் இல்லை, முடிவு தெரியாமல் ஒரு பிள்ளையின் தாய்ப்பாலை நிறுத்த அவளுக்கு அதிகாரம் இல்லை. அவள் வட்டத்தைப் பார்த்தாள். பையிலிருந்து டப்பாவை எடுத்து, கரண்டிக் காம்பால் மூடியை நெம்பி, வாழ்க்கையில் முதல் தடவையாக அதைத் திறந்தாள். வெந்நீர் கேட்டாள். பேச்சியம்மாளே ஓடிப்போய்க் கொண்டுவந்தாள்.

பாலாடையில் சொட்டுச் சொட்டாகப் புகட்டினார்கள். முதல் சொட்டுகள் கடைவாயில் வழிந்தன. அரை மணி நேரம் கழித்து ஒரு சொட்டு உள்ளே போனது. எறும்புகள் வட்டத்தின் நடுவில் மூன்று விரற்கடை மண்ணை விட்டுவைத்து அதற்கு மேல் உள்ளே போகாமல் நின்றன. வேல்மயிலின் லோடு வேனில், முன் சீட்டில், பிள்ளையும் பூரணமும் டப்பாவோடு சங்கரவடிவும் ஜில்லா ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அங்கே ஒரு இளம் டாக்டர் எதைக் கொண்டு தீர்மானித்தீர்கள் என்று கேட்டார். எறும்பு என்றாள் சங்கரவடிவு. அந்த ஊர்ப் பக்கத்துக்காரர் போலும், மேற்கொண்டு கேட்காமல் குளுக்கோஸ் ஏற்றினார்.

ஆறாம் நாள் சென்னையிலிருந்து முடிவு வந்தது. பாகுச்சீக்குதான். அதற்குள் பிள்ளை கண்ணைத் திறந்து, காலை உதைத்து, மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை பசித்து அழுதுகொண்டிருந்தது. ஊரில் வாசல் கழுவுகிறார்கள் என்று வேல்மயில் வந்து சொன்னான். முதல் நாள் நாலு வீடு, மறுநாள் பதினொன்று, பெண்ணைப் பெற்ற வீடுகள் கடைசியாகக் கழுவின, ஆனாலும் கழுவின. சங்கரவடிவு அன்றைக்கு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு வெகுநேரம் அழுதாள். சந்தோஷம்தான். அப்படித்தான் அவள் நினைத்தாள்.

பத்தாம் நாள் பகலில், பிள்ளை தூங்கும்போது, பூரணம் டப்பாவைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். படிக்கத் தெரிந்தவள், ஆனால் அதில் இருந்தது வேறு பாஷை.

"இந்த டப்பா போன தடவையும் உங்க பையில இருந்துச்சா, டாக்டரம்மா?"

"இருந்தது."

"அதுக்கு முந்துன தடவ?"

"அப்பவும் இருந்தது."

"ரெண்டு தடவையும் எறும்பு வந்துச்சு. நீங்களும் பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டுத்தான இருந்தீக."

முடிவு வராமல் கொடுக்கக்கூடாது என்ற விதி, அதிகாரம் இல்லை என்ற உண்மை, எறும்பைச் சாட்சியாக எந்தச் சபையிலும் வைக்கமுடியாது என்ற கூச்சம், எல்லாமே சங்கரவடிவின் நாக்கு நுனியில் ஒழுங்காக வரிசையில் நின்றன. நாற்பத்திரண்டு கட்டுரை எழுதியவளுக்கு வார்த்தைக்குப் பஞ்சமில்லை. அவள் ஆமாம் என்று மட்டும் சொன்னாள்.

பூரணம் டப்பாவை மெதுவாகக் கீழே வைத்தாள். முகத்தில் கோபம் என்று ஒன்றும் இல்லை, அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது. பிள்ளை சிணுங்கியது. நேரமாகிவிட்டது, பாலைக் கலக்கிக் கொடுங்கள் என்றாள். சங்கரவடிவு கையைக் கழுவி, பவுடரை மட்டம் தட்டி அளந்து, வெந்நீரை ஆற்றி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்து, பாலாடையோடு தொட்டிலை நோக்கிக் குனிந்தாள். பூரணத்தின் கை குறுக்கே வந்தது.

"கலக்கிக் குடுத்தாப் போதும். பிள்ளையத் தொட வேண்டாம்."

சங்கரவடிவு பாலாடையை அவள் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்து நின்றாள். சென்னையில் அவளுக்கு ஏற்பாடு செய்திருந்த பிரிவுபசார விழாவுக்கு அவள் போகவில்லை. தாயும் பிள்ளையும் ஊருக்குத் திரும்புகிறவரை, இரண்டு மாதம், புதிதாக வரவழைத்த டப்பாக்களிலிருந்து மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை வந்து பாலை அளந்து கலக்கிக் கொடுத்தாள். பிள்ளையைத் தொடவில்லை.